போலோன்யாவில் மாநாட்டு விருந்தினர்களுக்கு நடைச் சுற்றுலா: இரண்டு மணி நேரத்தில் எதைக் காட்டலாம்?

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் வணக்கம். இத்தாலியில் போலோன்யாவில் ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். செப்டம்பர் நடுவில் எங்கள் துறை ஒரு சர்வதேச மாநாடு நடத்துகிறது. வெளியூர்க்காரர்கள் மட்டும் தொண்ணூறு பேர் வரை வருகிறார்கள். இரண்டாம் நாள் மாலை நாலரைக்கு அமர்வுகள் முடிகின்றன, ஏழரைக்கு விருந்து. நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஊரைச் சுற்றிக்காட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு சுற்றுலா நிறுவனம் அனுப்பிய திட்டம் கையில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் பதினான்கு இடங்கள். நாற்பத்தைந்து பேர் வீதம் இரண்டு குழு. அநேகமாக எல்லா இடத்தையும் வெளியே நின்று பார்ப்பதுதான். படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. ஜப்பானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருபவர்கள் கருத்தரங்க அறையையும் ஓட்டல் அறையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் எனக்கு மனசு கேட்காது. மாநாடுகளுக்குப் போய் இப்படி நடந்தவர்கள், இந்த ஊர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?

தூரதேசம்:
பதினான்கு இடம் என்பது நடைச் சுற்றுலா இல்லைங்க, வருகைப் பதிவு. ஐரோப்பிய ஊர்களில் மாநாட்டுக்காரர்களோடு நிறைய நடந்திருக்கிறேன். நாற்பது பேர் கூட்டத்தில் பின்னால் வருபவர்களுக்கு வழிகாட்டியின் குடை நுனிதான் தெரியும். முன்னால் இருப்பவர்கள் கதை கேட்டு முடித்து நகரும்போதுதான் கடைசி ஆள் வந்து சேருவார். காலையிலிருந்து உட்கார்ந்து நாலு அமர்வு கேட்டவர்களை மறுபடி நிற்கவைத்து விரிவுரை கேட்கச் சொல்வது பாவம்.

என் கருத்து: வழிகாட்டியே வேண்டாம். நல்ல வரைபடம் ஒன்றும் செயலி ஒன்றும் கொடுத்து ஆளாளுக்குச் சுற்றவிடுங்கள். ஊரின் நடுச் சதுக்கமான பியாட்சா மஜ்ஜோரேவில் உட்கார்ந்து காபி குடித்தாலே ஊர் பிடித்துப்போகும்.

கல்தச்சன்:
தூரதேசம் சார், குழு அளவைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், வழிகாட்டி வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ளவே முடியாது. நான் கட்டடக் கலைஞன். போலோன்யா சொல்லித்தர ஆள் தேவைப்படும் ஊர். ரோமில் கொலோசியம் தானே பேசிக்கொள்ளும். இங்கே அப்படியில்லை. செங்கல் சுவர், தூண்கள், நிழல். பார்த்துக்கொண்டே கடந்துபோய்விடலாம்.

போர்ட்டிகோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் மேல்மாடி நடைபாதைக்கு மேலே நீண்டு, கீழே தூண்வரிசையாக நிற்கும் நடை. ஊர் முழுக்கச் சேர்த்து 62 கிலோமீட்டர், 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இது மட்டும் தெரிந்தால் எண்ணிக்கை, அவ்வளவுதான். அதன் பின்னால் இருப்பதுதான் விஷயம். பல்கலைக்கழகம் தொடங்கியதாகக் கொள்ளப்படும் ஆண்டு 1088. மாணவர்கள் வந்து குவியக் குவிய இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மேல்மாடியைத் தெருப்பக்கமாக மரத்தில் நீட்டிக் கட்டினார்கள், அது சாயாமல் இருக்கக் கீழே கால் கொடுத்தார்கள். மற்ற ஊர்கள் இதைத் தெரு ஆக்கிரமிப்பு என்று இடித்துத் தள்ளின. போலோன்யா 1288-ல் நேர் எதிராகச் சட்டம் போட்டது: வீடு கட்டுகிறவர் போர்ட்டிகோ கட்டியே ஆகவேண்டும், குதிரை மேல் போகிறவர் தலை இடிக்காத உயரம் வேண்டும். நிலம் தனியாருடையது, பராமரிப்பு அவர் செலவு, நடக்கும் உரிமை ஊருக்கு. இன்றும் அந்த ஏற்பாடுதான்.

உங்கள் விருந்தினர்கள் எல்லோரும் பல்கலைக்கழகத்து ஆட்கள். மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டதால் ஓர் ஊரின் முகமே மாறியது என்று தூணைத் தொட்டுக்கொண்டு கேட்டால், வீடு திரும்பியும் மறக்க மாட்டார்கள். ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் இசொலானி வீடு இருக்கிறது. 13-ம் நூற்றாண்டு மரப் போர்ட்டிகோ, கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர் உயரத்துக்கு ஓக் மர உத்திரங்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அண்ணாந்து பார்க்க அங்கே பத்து நிமிஷம் கொடுங்கள்.

நிலாமுற்றம்:
கல்தச்சன் சார், தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன், இந்தச் சட்டக் கதை எனக்குத் தெரியாது. குறித்துக்கொண்டேன். எங்கள் குழுவில் இரண்டு பேர் அசினெல்லி கோபுரத்தில் ஏறியே ஆகவேண்டும் என்கிறார்கள். அதைப் பற்றி?

வழித்துணை:
அதை எடுத்துவிடுங்கள். பக்கத்துக் கரிசெண்டா கோபுரத்தின் நிலைமை மோசமானதால் 2023 அக்டோபரில் சுற்றிலும் அடைத்தார்கள், அசினெல்லியும் அப்போதே மூடப்பட்டது. சீரமைப்பு பல வருஷ வேலை. திறந்திருந்தாலும் தொண்ணூறு பேரைக் கொண்டுபோகிற இடம் இல்லை. 97 மீட்டர் உயரம், 498 மரப்படிகள், குறுகல். தள்ளி நின்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே அழகு. அசினெல்லி கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்க, 48 மீட்டர் கரிசெண்டா கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி சாய்ந்திருக்கும். 14-ம் நூற்றாண்டிலேயே பயந்துபோய் அதன் மேல்பாகத்தை இறக்கிவிட்டார்கள்.

சுற்றுலாத் துறையில் வேலை பார்த்தவள் என்கிற முறையில் நடைமுறை விஷயங்கள் சில. இத்தாலியில் கட்டணம் வாங்கி விளக்கம் சொல்ல உரிமம் வேண்டும். 2023 டிசம்பரில் வந்த சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு, ஒரே பதிவேடு என்று ஆக்கியது. அதனால் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற வழிகாட்டிதானா என்று எழுத்தில் கேளுங்கள். குழுவுக்கு இருபத்தைந்துக்கு மேல் வேண்டாம், அப்படியானால் உங்களுக்கு நாலு வழிகாட்டி. செலவு கூடும். கூடினாலும் பரவாயில்லை, இலவசப் பையும் பேனாவும் கொடுக்கிற பணத்தை இதில் போடச் சொல்லுங்கள். காதில் மாட்டுகிற ஹெட்செட்டைக் கட்டாயம் கேளுங்கள். தெரு இரைச்சலில் அது இல்லாமல் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்கும். பெரிய கோயில்களில் குழுக்களுக்கு அது இல்லாமல் அனுமதி கிடைப்பதும் சிரமம்.

வழிகாட்டியிடம் மாநாட்டின் துறை என்ன என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நல்ல வழிகாட்டிக்கு அது போதும், பேச்சையே மாற்றிக்கொள்வார். நீங்கள் என்ன துறை?

நிலாமுற்றம்:
வானியற்பியல், அக்கா.

பழையஆசிரியன்:
வானியற்பியலா! அம்மா, அப்படியானால் நீங்கள் முதலில் பேசவேண்டியது சான் பெத்ரோனியோ பேராலயத்தைப் பற்றி. பதினான்கு இடத்தையும் கிழித்துப் போட்டாலும் இது ஒன்று இருக்கவேண்டும்.

1655-ல் வானியலாளர் கசினி அந்தக் கோயில் தரையில் ஒரு கோடு பதித்தார். சனிக்கோளின் வளையத்து இடைவெளிக்குப் பெயர் கொடுத்த அதே கசினிதான். கூரையில் 27 மீட்டர் உயரத்தில் சின்னத் துளை, தரையில் வடக்கு தெற்காக 66.8 மீட்டர் நீளக் கோடு. பூமிச் சுற்றளவில் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு என்று கணக்குப் பார்த்து வைத்த நீளம். உச்சிவேளையில் துளை வழியாக விழும் சூரிய பிம்பம் அந்தக் கோட்டைக் கடக்கும். கோடையில் துளைக்கு அருகே, குளிர்காலத்தில் கோட்டின் மறுகோடியில்.

இதை ஈஸ்டர் தேதி குறிக்கும் நாள்காட்டி வேலை என்று மட்டும் சில வழிகாட்டிகள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது பாதி. கசினி அந்தப் பிம்பத்தின் விட்டத்தை வருஷம் முழுக்க அளந்தார். வருஷத்தின் சில மாதங்களில் சூரியன் வேகமாக நகர்வதாகத் தெரிவது நமக்கு அருகில் இருப்பதால் வரும் தோற்றம் மட்டும்தானா, இல்லை வேகமே நிஜமாக மாறுகிறதா என்பதுதான் அன்றைய சண்டை. வெறும் தோற்றம் என்றால் பிம்பத்தின் அளவும் அதே விகிதத்தில் மாறவேண்டும். அளந்ததில் அவ்வளவு மாறவில்லை. வேகம் நிஜமாகவே மாறுகிறது என்ற கெப்லர் பக்கம் சாய்ந்தது அளவு. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காகக் கலிலியோ மீது திருச்சபை தீர்ப்பு சொன்னது 1633-ல். இருபத்திரண்டு வருஷம் கழித்து, போப்பின் ஆட்சியில் இருந்த ஊரில், கோயிலுக்குள்ளேயே இந்த அளவு எடுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் விருந்தினர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு சிக்கல். மாலை ஐந்து மணிக்குப் போனால் வெறும் கோடுதான் இருக்கும். போலோன்யாவின் தீர்க்கரேகைக்கும் கோடைக்கால நேரத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் செப்டம்பர் நடுவில் உண்மையான நண்பகல் ஒன்று பத்துக்கு வருகிறது. மதிய இடைவேளையில் வெயில் இருந்தால் விருப்பமுள்ளவர்களைக் கூட்டிப்போங்கள். பன்னிரண்டே முக்காலுக்கு உள்ளே இருக்கவேண்டும். பிம்பம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு நீள்வட்டமாக விழும், கண் எதிரே ஊர்ந்து வந்து இரண்டு மூன்று நிமிஷத்தில் கோட்டைக் கடந்துவிடும். பூமி சுழல்வதைக் கால் பக்கத்தில் பார்க்கலாம். அந்த நேரம் கோயில் திறந்திருக்குமா என்று மட்டும் முன்பே கேட்டு வையுங்கள்.

தூரதேசம்:
பழையஆசிரியன் ஐயா, இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது! கெப்லர் விஷயம் எந்தச் செயலியிலும் நான் கேட்டதில்லை. ஆனால் இதைச் சொல்ல வழிகாட்டி எதற்கு? நிலாமுற்றமே சொல்லலாமே, அவர் துறைதானே?

வழித்துணை:
கசினி கோட்டின் கதையை அவர் சொல்லலாம், சகாக்களோடு மதியம் போய்ப் பார்ப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. மாலைச் சுற்றுக்கு வழிகாட்டி வேண்டும். யார் எந்த வாசலில் எத்தனை மணிக்கு நிற்கவேண்டும், எங்கே பூசை நடக்கிறது, எந்தத் தெரு தோண்டிக் கிடக்கிறது என்பது ஊர் வழிகாட்டிக்குத்தான் தெரியும். டிராம் வேலையால் மையத்தில் பாதைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

மருந்துச்சீட்டு:
நான் மருத்துவர். அறுவைச் சிகிச்சை மாநாட்டுக்காக அங்கே போனபோது ஆர்கிஜின்னாசியோவுக்குக் கூட்டிப்போனார்கள். என்னைக் கேட்டால் உள்ளே நுழைந்து பார்க்கவேண்டிய முதல் இடம் அதுதான். 1563-ல் பல்கலைக்கழகத்துக்கென்று கட்டிய கட்டடம், 1803 வரை அங்கேதான் வகுப்பு நடந்தது. சுவர், கூரை எங்கும் மாணவர்களின் குலச்சின்னங்கள், கிட்டத்தட்ட ஆறாயிரம். எந்த நாட்டுக்காரரும் தன் ஊர்ப் பெயரைத் தேட ஆரம்பித்துவிடுவார். எங்கள் குழுவில் இருந்த ஒரு போலந்துப் பேராசிரியரைக் கடைசியில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

மாடியில் உடற்கூறு அரங்கம். 1637-ல் முழுக்க மரத்தில் கட்டியது, நடுவில் பளிங்கு மேசை, சுற்றிலும் படிவரிசை. ஆசிரியர் இருக்கைக்கு மேலே உள்ள விதானத்தைத் தோல் உரித்த இரண்டு மர உருவங்கள் தாங்குகின்றன. தசை ஒவ்வொன்றும் தெரியும்படி எர்கோலே லெல்லி வடிவமைத்தவை. சுவரில் நிற்கும் மருத்துவர் சிலைகளில் ஒன்றைக் கவனியுங்கள், கையில் ஒரு மூக்கு வைத்திருக்கும். அது தல்யாகோட்சி. 16-ம் நூற்றாண்டில் கைத்தோலை எடுத்து அறுந்த மூக்கைச் சீரமைத்தவர். நம் சுஸ்ருதர் நூலில் கன்னத்துத் தோலில் செய்யும் முறை அதற்கும் வெகுகாலம் முன்பே இருக்கிறது. அந்தச் சிலை முன்னால் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1944 ஜனவரி 29 குண்டுவீச்சில் இந்த அரங்கம் நொறுங்கிவிட்டது. இடிபாட்டில் கிடைத்த மரத்துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து மறுபடி எழுப்பினார்கள். நாம் பார்ப்பது அந்த மறுகட்டுமானம். வழிகாட்டி இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் சொல்லுங்கள். உள்ளே ஒரே நேரத்தில் நிறைய பேரை விடமாட்டார்கள், மாலையில் மூடிவிடுவார்கள். முன்பதிவு முக்கியம், இதுதான் முதல் நிறுத்தமாக இருக்கவேண்டும்.

ரெஜ்ஜோ அண்ணன்:
வணக்கம் தங்கச்சி. நான் கன வருஷமா ரெஜ்ஜோ எமிலியாவில இருக்கிறன். போலோன்யா எங்களுக்கு ரயிலில முக்கால் மணித்தியாலம், சொந்தக்காரர் வந்தா முதல் கூட்டிக்கொண்டு போறது அங்கதான்.

சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. இந்தச் சுற்றுலாக்களில குவாத்ரிலாத்தெரோ சந்தைக்குள்ள விட்டு மொர்ததெல்லாவும் சீஸும் ருசி பார்க்கக் குடுப்பினம். மொர்ததெல்லா பன்றி இறைச்சி. உங்கட விருந்தாளிகளில முஸ்லிம், யூதர், சைவம் சாப்பிடுற ஆக்கள் கட்டாயம் இருப்பினம். கிரெசெந்தீனா எண்டு ஒரு பொரிச்ச ரொட்டி வரும், பார்த்தா வெறும் மா மாதிரித்தான், கனக்க இடங்களில பன்றிக் கொழுப்பில செய்யினம். பார்மிஜானோ சீஸுக்குக் கன்றுக்குட்டியின்ர இரைப்பையில இருந்து எடுக்கிற உறைபொருள் போடாமல் செய்யேலாது, அது அவையின்ர விதி. முட்டை சாப்பிடாத ஆக்களுக்கு இந்த ஊர்ப் புதுப் பாஸ்தாவும் சரிவராது. ஆனபடியா பதிவுப் படிவத்திலேயே என்ன சாப்பிடமாட்டீங்கள் எண்டு கேளுங்கோ. சந்தைக்குள்ள பழக்கடைப் பக்கம் ஒரு நிறுத்தம் வைச்சா எல்லாரும் வாயில ஏதாவது போடலாம்.

மற்றது, ஸ்டேஷனை மறக்காதேங்கோ. 1980 ஆகஸ்ட் 2, குண்டு வெடிச்சு 85 சனம் செத்தது. மணிக்கூடு பத்து இருபத்தஞ்சில நிக்குது. நாங்கள் குண்டுச் சத்தத்துக்குள்ளால வந்த ஆக்கள், செத்த சனத்தின்ர பேர் போட்ட அந்தப் பலகைக்கு முன்னால நிண்டா கால் நகராது. நான் கூட்டிப்போற ஒவ்வொருத்தருக்கும் காட்டுறனான்.

தூரதேசம்:
அண்ணன், உங்கள் உணர்வு புரிகிறது. ஆனால் விருந்துக்கு முந்தைய மாலையில் அதை வைப்பது சரியா? ரயில் நிலையம் மையத்திலிருந்து தள்ளியும் இருக்கிறது.

ரெஜ்ஜோ அண்ணன்:
விருந்துக்கு முதல் வைக்கச் சொல்லேல்லை தம்பி. எல்லாரும் அந்த ஸ்டேஷனால்தான் வருவினம், போவினம். சுற்றுக்குள்ள வேண்டாம். வரவேற்புக் கடிதத்தில ரெண்டு வரி போட்டா போதும்: மேற்குப் பக்க காத்திருப்பு அறையில சுவர் வெடிப்பும் பெயர்களும் இருக்குது, ரயிலுக்கு நேரம் இருந்தா நிண்டு பாருங்கோ எண்டு. தெரியாமல் அதுக்குப் பக்கத்தில இருந்து காபி குடிச்சுப்போட்டுப் போறதுதான் எனக்குப் பொறுக்கேலாது.

நிலாமுற்றம்:
அண்ணா, இது நிச்சயம் கடிதத்தில் போகும். தேதி, நேரம், எந்தப் பக்கம் என்று எழுதிவிடுகிறேன்.

மெல்லநடை:
இழையை முழுக்கப் படித்தேன். ஒரே ஒரு கேள்வி: நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு? எனக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆனது. மாநாட்டுச் சுற்றுலாக்களில் "எளிதான நடை" என்று போட்டிருப்பார்கள், போனால் கல் பாவிய ஏற்றம். பாதியில் ஒரு பெஞ்சில் என்னை உட்காரவைத்துவிட்டுப் போன குழுக்கள் உண்டு. நாள் முழுக்கப் பேசிப் பழகிய சகாக்கள் கடந்து போவதைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கும்.

கல்தச்சன்:
நல்ல கேள்வி. போலோன்யா மையம் பெரும்பாலும் சமதளம், போர்ட்டிகோ தரை வழவழப்பு, மழையும் வெயிலும் படாது. அந்த விதத்தில் இத்தாலியின் பல ஊர்களைவிட எளிது. சிரமமான இடங்கள்: சாந்தோ ஸ்தெஃபானோ சதுக்கத்தில் உருண்டைக் கூழாங்கல் பாவியிருக்கிறார்கள், சக்கர நாற்காலிக்கு ஓரத்துப் போர்ட்டிகோ வழிதான். போர்ட்டிகோக்கள் ஒன்றிலிருந்து ஒன்று மாறும் இடங்களில் திடீர்ப் படிகள் வரும். உடற்கூறு அரங்கம் மாடியில். லிஃப்ட் ஏற்பாட்டை முன்பதிவு செய்யும்போதே கேட்கவேண்டும். சான் லூக்கா மலைக்குப் போகும் நீண்ட போர்ட்டிகோவை யாராவது இந்த மாலைக்குள் திணிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 3.8 கிலோமீட்டர், பின்பாதி முழுக்க ஏற்றம். அது தனி நாள்.

மெல்லநடை:
நன்றி சார். இந்த விவரத்தை அப்படியே பதிவுப் படிவத்தில் போட்டால் என்னைப் போன்றவர்கள் வரலாமா கூடாதா என்று நாங்களே தீர்மானித்துக்கொள்வோம்.

பழையஆசிரியன்:
இன்னொன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஆர்கிஜின்னாசியோவிலிருந்து சில நிமிட நடையில் சான் தொமெனிகோ கோயில். உள்ளே புனிதர் தொமினிக்கின் கல்லறைப் பேழையில் மைக்கேலாஞ்சலோ இருபது வயதை ஒட்டிச் செதுக்கிய மூன்று சிறு சிலைகள் இருக்கின்றன: மெழுகுவர்த்தி தாங்கும் தேவதை, புனிதர் புரோக்கொலோ, கையில் போலோன்யா நகரத்தையே ஏந்திய புனிதர் பெத்ரோனியோ. கைக்கெட்டும் தூரம், கூட்டம் கிடையாது. வெளியே சதுக்கத்தில் தூண்கள் மேல் உயர்த்திய கல்லறைகள். சட்டம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர்களுக்கு அரசர்களுக்குக் கட்டுவதுபோல் கட்டியிருக்கிறார்கள். ஆசிரியத் தொழிலுக்கு ஓர் ஊர் கொடுத்த மரியாதையை ஆசிரியர்களுக்குக் காட்டுங்கள் அம்மா.

போகிற வழியில் வானியல்காரர்களிடம் சொல்ல: கோபர்நிகஸ் 1496-ல் இங்கே திருச்சபைச் சட்டம் படிக்க வந்தவர். தொமெனிகோ மரியா நொவாரா என்ற வானியல் ஆசிரியர் வீட்டில் தங்கினார். 1497 மார்ச் 9 இரவு சந்திரன் ரோகிணி நட்சத்திரத்தை மறைத்ததை இந்த ஊரிலிருந்துதான் குறித்து வைத்தார்.

நிலாமுற்றம்:
எல்லோருடைய பதிவையும் வைத்து, நேற்று ராத்திரி நானே நடந்து பார்த்துவிட்டு இப்படி வைத்திருக்கிறேன்.

நாலு குழு, நாலு வழிகாட்டி, ஹெட்செட். முதல் இரண்டு குழு நேரே ஆர்கிஜின்னாசியோ, மற்ற இரண்டும் சான் தொமெனிகோ. பிறகு இடம் மாற்றிக்கொள்வது. கால்வானி சதுக்கத்தில் ஐந்து நிமிஷம், தவளைக் காலில் மின்சாரச் சோதனை செய்த கால்வானி, தவளை வைத்த பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சிலைக்காக. பியாட்சா மஜ்ஜோரேவைக் கடந்து பொதெஸ்தா மாளிகையின் வளைவுக்குக் கீழே. அங்கே ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக் கிசுகிசுத்தால் எதிர் மூலையில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். வழிகாட்டி பேசவே வேண்டாம், அவர்களே விளையாடிக்கொள்ளட்டும். கோபுரங்களைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு இசொலானி வீட்டு மரப் போர்ட்டிகோவில் முடிப்பது. கால்வாய் ஜன்னல், நெப்டியூன் நீரூற்று விளக்கம், யூதர் குடியிருப்பு எல்லாம் எடுத்தாயிற்று. விருப்பப்பட்டவர்களுக்கு வரைபடத்தில் குறித்துக் கொடுக்கிறேன், தூரதேசம் சார் யோசனைப்படி. கசினி கோடு மூன்றாம் நாள் மதியம், வெயில் இருந்தால். அமர்வை இருபது நிமிஷம் தள்ளிவைக்கத் துறைத் தலைவர் ஒத்துக்கொண்டார்.

வழித்துணை:
திட்டம் அருமை. ஒரே ஒரு திருத்தம். சான் தொமெனிகோவுக்கு இரண்டாவதாகப் போகும் குழுக்கள் மாலைப் பூசை நேரத்தில் மாட்டிக்கொள்ளலாம். பூசை நடக்கும்போது பேழைப் பக்கம் குழுவாக நிற்க விடமாட்டார்கள். கோயில் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி அன்றைய நேரத்தைக் கேட்டுவிட்டு வரிசையை உறுதி செய்யுங்கள். இன்னொன்று, கசினி கோடு பார்ப்பதை மூன்றாம் நாளுக்கு மட்டும் வைக்காதீர்கள். மூன்று நாளும் மதியம் தயாராக இருங்கள். எந்த நாள் வானம் தெளிவோ அந்த நாள் காலைத் தேநீர் வேளையில் அறிவியுங்கள்.

நிலாமுற்றம்:
சரி அக்கா. கோயிலுக்கு இப்போதே எழுதிவிட்டேன். மூன்று நாள் ஏற்பாட்டுக்கு மறுபடி துறைத் தலைவரிடம் போகவேண்டும், திங்கட்கிழமை கேட்டுச் சொல்கிறேன்.